நாவலர் அச்சுக்கூடமும் நமது இணையத்தளமும்

அறிவைப் பெறுவது ஒன்று. பெற்ற அறிவைப் பரப்பும் கருவியைத் தம் கையிலே வைத்திருப்பது மற்றொன்று. இவ்வுண்மையை யாழ்ப்பாணத்துச் சைவ மக்களுக்குச் செயலிற் காட்டியவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். 1841 ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனாரின் "உதயதாரகை" வெளிவரத் தொடங்கியபோது அச்சின் வலிமையை எம்மவர் கண்டனர். நாவலரும் எம்மைப் போல மிஷன் பாடசாலையிற் பயின்றவரே. அங்கே கற்றதை அவர் இகழவில்லை. ஆயினும் தம் சமயத்தைப் பிறர் அச்சிலே இடம் கேட்டு எழுதுவதை அவர் விரும்பவில்லை. 1849 இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையிலே நிறுவினார்.

நிற்க. எமது சங்கத்துக்கு ஓர் இணையத்தளம் வேண்டும் என்ற பேச்சு இப்போது எழுந்துள்ளது. கணினி நுட்பம் அறியாத நாமே அதனை அமைத்துவிடலாம் என்கின்றனர் நண்பர்கள். அது மெய்யே. ஆனால் அவ்வெளிமை எவ்வாறு வந்தது, அதற்குரிய விலை யாது என்பவற்றை வரலாற்றிலே நோக்குதல் நன்று.

1990 இல் ஜெனீவா நகர்ப்புறத்து ஆய்வுகூடமொன்றில் ரிம் பேர்னர்ஸ்-லீ என்பார் ஆக்கிய முதல் உலாவி, பக்கங்களை வாசிக்க மட்டுமன்றி எழுதவும் உதவியது. ஆனால் 1993 இல் உலகெங்கும் பரவத் தொடங்கிய மொசாயிக் முதலிய உலாவிகள் வாசிப்பவர்க்கே உரியனவாயின. எழுத விரும்பியவன் குறிமொழி கற்கவேண்டியதாயிற்று. இவ்வாறு வாசகர் ஒரு சாதியும் எழுதுவோர் ஒரு சாதியுமாய்ப் பிரிந்தனர்.

இப்பிரிவை நீக்க முயன்றவையே பின்வந்த கருவிகள். 1994 இல் அமெரிக்காவில் தோன்றிய ஜியோசிற்றிஸ், எவர்க்கும் இலவசமாகப் பக்கம் அமைக்க இடமளித்தது. 1999 இல் வந்த புளொக்கரிலே, பெட்டியில் எழுதிப் பொத்தானை அழுத்தினாற் போதும். 2003 இல் வேர்ட்பிரஸ் வெளிவந்தது. 2018 இல் அதனோடு சேர்க்கப்பட்ட தொகுப்பிக்கு, அச்சுக்கலையின் தந்தையாகிய குட்டன்பேர்க்கின் பெயரையே இட்டனர். அச்சுக்கோப்பவர் எழுத்தையும் படக்கட்டையையும் ஒழுங்காக அடுக்குவதுபோல, தலைப்பு, பந்தி, படம் என்பவற்றை அதிலே அடுக்கலாம்.

தமிழர்க்கோ மற்றுமொரு தடை இருந்தது. 1995 இல் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி முதலியோர் முயற்சியால் தமிழ் இணையத்தில் ஏறியது. ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துருவைக் கையாண்டனர். ஈழத்தவரிடையே பெருவழக்காயிருந்தது பாமினி. அதில் எழுதினால் திரையிலே "அம்மா" என்று தெரியும். கணினியின் உள்ளேயோ அது ஆங்கில எழுத்துக்களும் நிறுத்தக்குறிகளுமாகவே கிடக்கும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அன்னையும் அந்நியமானாள். கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதாது, உள்ளிருப்பதும் தமிழாதல் வேண்டும் என்பதை யூனிக்கோட் பரவிய பின்னரே முற்றாக உணர்ந்தோம்.

இனி விலையைப் பார்ப்போம். 2009 ஒக்டோபரில் ஜியோசிற்றிஸை அதன் உரிமையாளராகிய யாகூ நிறுவனம் மூடியது. பல்லாண்டு உழைப்பில் எழுந்த பக்கங்கள் அழிந்தன. தன்னார்வலர் பிரதிசெய்து காத்தவையே எஞ்சின. எமது ஊரின் பெயரிலே மடம் உண்டு. மடத்திலே வழிப்போக்கன் திண்ணையிற் படுத்து இளைப்பாறலாம். அது அவனது சொந்த வீடாகாது. இலவச இணையப்பக்கமும் அத்தகையதே. காசு கொடுத்தாலும் முற்றும் நமதாகிவிடாது: 2006 இல் தோன்றிய விக்ஸிலே எலியால் இழுத்துவைத்து அழகிய தளம் அமைக்கலாம், அதனை அப்படியே பெயர்த்து வேறிடம் கொண்டுசெல்ல இயலாது. வேர்ட்பிரஸோ கட்டற்ற மென்பொருள். அதில் எழுதியவற்றை மூட்டை கட்டிக்கொண்டு வேறோர் இடத்தில் மீண்டும் குடியேறலாம்.

இழப்பின் கொடுமையை யாழ்ப்பாணத்தவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1981 இல் எமது பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அவற்றோடு மறைந்தன. அதன் பின் பிறந்த தலைமுறையினர் 2005 இலே "நூலகம்" என்னும் மின்னூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் காத்து வருகின்றனர்.

ஆதலின், சங்கத்து அன்பர்களே, தளத்தை எளிய கருவியாலேயே அமைப்போம், எளிமையில் இழிவில்லை. ஆனால் மூன்றினை மறவாதிருப்போம். யூனிக்கோட்டில் எழுதுவோம். பெயர்த்தெடுக்கக்கூடிய கருவியையே தெரிவோம். ஆண்டுதோறும் ஒரு பிரதி எமது கையிலும், மற்றொன்று மின்னூலகத்திலும் இருக்கச் செய்வோம். இம்மலரை அச்சிடுவதையும் கைவிடாதிருப்போம்.

சென்னைக்குக் கடல்கடந்து சென்று யந்திரம் கொண்டுவந்தார் நாவலர். எமக்கோ அத்துணைத் தூரம் செல்லும் சிரமமில்லை. அவர் கொண்ட முன்யோசனையையாவது நாம் கொள்வோமாக.