கிட்டாரின் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கடலுக்குப் பக்கத்து வீடுகளில் ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதை எல்லோரும் கவனிப்பார்கள். சுவரில் மாட்டியிருக்கும் கிட்டாரை யாரும் கவனிப்பதில்லை. ஈரக்காற்றில் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதன் கழுத்தோ நீளமான, மெல்லிய மரம். போதாக்குறைக்கு ஆறு எஃகுக் கம்பிகள் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையுடன் அதை முன்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. கழுத்து வளைந்து கம்பிகள் மேலே போய்விட்டால், விரல் வலிக்க அழுத்தினால்தான் சுரம் வரும். "இது போச்சு" என்று பரணில் ஏற்றிவிடுவார்கள். அப்படிப் பரணுக்குப் போன பல கிட்டார்களுக்குத் தேவைப்பட்டது கால் சுற்றுத் திருகல் மட்டுமே.

இந்தத் தொல்லை கிட்டாருடன் கூடப் பிறந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் ஆட்டுக்குடல் நரம்புதான் கட்டினார்கள். இழுவை குறைவு, மரம் தாங்கியது. பிறகு, சத்தம் அதிகம் வேண்டும் என்று எஃகுக் கம்பிக்கு மாறினார்கள். கழுத்தைத் தடிமனாகச் செய்தால் வளையாதுதான், ஆனால் கை சுற்றிப் பிடிக்க வராது!

விடை கண்டவர் அமெரிக்காவின் கலமசூ நகரில் கிப்சன் கம்பெனியில் வேலை செய்த தாடியஸ் மெக்ஹ்யூ. கழுத்துக்குள் ஒரு பள்ளம் வெட்டி, எஃகுக் கம்பியைப் புதைத்து, அதன் நுனியில் ஒரு நட்டு வைத்தார். நட்டை முறுக்கினால் கம்பிகளின் இழுவைக்கு எதிராகக் கழுத்து நிமிரும், தளர்த்தினால் வளையும். 1921ல் விண்ணப்பித்த காப்புரிமை 1923ல் கிடைத்தது. இதற்கு டிரஸ் ராட் என்று பெயர்.

மற்றவர்கள் உடனே ஏற்கவில்லை. மார்ட்டின் கம்பெனி 1934ல் திருப்ப முடியாத எஃகுப் பட்டையைத்தான் புதைத்தது. திருப்பக்கூடிய ராட் அங்கே வந்தது 1985ல்! கெட்டியான மேப்பிள் மரத்துக்கு ராட் எதற்கு என்று நினைத்த லியோ ஃபெண்டர் 1950ல் தன் முதல் எலக்ட்ரிக் கிட்டார்களை ராட் இல்லாமலே செய்தார். கழுத்து வளைந்துவிடும் என்று விற்பனையாளர்கள் நச்சரித்த பிறகு, அதே ஆண்டிலேயே ராட் சேர்த்தார்.

எண்ணூரில் லாரி, திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் என்று வளர்ந்த வடசென்னையில் நட்டும் ஸ்பேனரும் தெரியாத தெருவே கிடையாது. கிட்டாருக்குள்ளும் ஒரு நட்டு இருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது. முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து மெட்டிலும் ஒரே கம்பியை அழுத்திப் பிடித்து, ஏழாவது மெட்டருகே பார்க்க வேண்டும். கால் மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருந்தால் சரி. அதிகம் என்றால் நட்டை வலப்பக்கம் கால் சுற்று, இடைவெளியே இல்லை என்றால் இடப்பக்கம் கால் சுற்று. திருப்பியதும் கம்பிகளைச் சுருதி கூட்டி மறுபடி பார்க்க வேண்டும். நட்டு இறுகி நின்றால் பலம் காட்டக் கூடாது, ராட் முறிந்தால் செலவு பெரிது. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார்கள் பலவற்றில் ராட்டே இருக்காது, தேடி ஏமாற வேண்டாம்.

நம் ஊர் வீணையில் நட்டு கிடையாது. அதன் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் நிற்கின்றன. சுரம் தவறினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்திக்கொள்ளலாம். அமெரிக்காவில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்ற ஜான் மெக்லாஃப்லின், 1975 வாக்கில் 'சக்தி' குழுவுக்காகக் கிப்சனில் ஒரு கிட்டார் செய்யச் சொன்னார். மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழியாகச் செதுக்கியிருந்தார்கள். விரல் மரத்தில் தட்டாமல் கம்பியை இழுத்துக் கமகம் வாசிக்க அந்தக் குழிகள் இடம் கொடுத்தன.