நியூயார்க்கில் தனியொரு தமிழர்

பிழைப்பையோ கல்வியையோ நாடித் தனியே புறப்படுதல் நம்மவர்க்குப் புதிதன்று. பாலக்காட்டு அக்கிரகாரங்களிலிருந்து தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பயின்ற இளைஞர்கள் பம்பாய்க்கும் டில்லிக்கும் ரயிலேறினார்கள். போடிநாயக்கனூரிலிருந்து மலையேறி மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களை அடைந்தவர்களோ மிகப் பலர். கையில் ஒரு முகவரியும் நெஞ்சில் சிறிது அச்சமுமாக அயலூரில் இறங்குவது எத்தகையது என்பதை எல்லைப்புறத்துத் தமிழர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வாறே அமெரிக்க மாநகரம் ஒன்றில் தனியே சென்று இறங்கிய தமிழர் ஒருவரையும், அவர் அங்குக் கற்ற கலையால் விளைந்த பயனையும் இன்று நினைவுகூர்வோம்.

அவர்தாம் ஏ. கே. செட்டியார். 1911-ஆம் ஆண்டு செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தவர். இளமையிலேயே இரங்கூன் சென்று, 'தனவணிகன்' என்னும் இதழின் ஆசிரியராய் விளங்கினார். பின்னர்ப் புகைப்படக் கலையைப் பயில விரும்பி டோக்கியோவுக்குச் சென்றார். மேலும் கற்க வேண்டும் என்னும் ஆர்வம் அவரை நியூயார்க்கிற்குக் கொண்டு சேர்த்தது. 1937-இல் அவர் அந்நகரில் மாணவர், வயது இருபத்தைந்து.

அக்காலத்து நியூயார்க்கில் ஏறத்தாழ 70 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். முப்பத்து நான்காம் தெருவில் 102 மாடிகளுடன் எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழுந்து ஆறாண்டுகளே ஆகியிருந்தன. புதிதாய் வருபவரை மலைக்கச் செய்யும் நகரந்தான். ஆயினும் அதன் அமைப்பில் ஓர் எளிமை உண்டு. 1811-இல் வகுத்த திட்டப்படி மன்ஹாட்டன் தீவின் பெரும்பகுதி சதுரங்கப் பலகைபோல் அமைந்தது. குறுக்குத் தெருக்களுக்குப் பெயரில்லை, எண்களே உண்டு. எண்ணத் தெரிந்தவர் அங்கே வழி தவறுவது அரிது. 5 சென்டு நாணயம் ஒன்றைச் செலுத்திப் பாதாள ரயிலில் ஏறினால் நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை செல்லலாம். 1904 முதல் 1948 வரை அக்கட்டணம் உயரவே இல்லை. காசு போட்டுக் கண்ணாடிக் கதவைத் திறந்து உணவை எடுத்துக்கொள்ளும் உணவுச்சாலைகளும் இருந்தன. பேசத் தயங்குபவரும் அங்கே பசியாறலாம். நாற்பத்திரண்டாம் தெருவில் 1911-இல் திறக்கப்பெற்ற பொது நூல்நிலையத்தில் எவரும் கட்டணமின்றி அமர்ந்து படிக்கலாம். துணையின்றி வந்தவர்க்கு இவையெல்லாம் துணையாயின.

எனினும் அந்நாட்டின் வாயில் எல்லார்க்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. 1917-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர் அங்குக் குடியேறுவதைத் தடுத்தது. 1923-இல் பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கில், இந்தியர் அமெரிக்கக் குடிமக்களாகத் தகுதி பெறார் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-இல் இயற்றிய சட்டமே ஆண்டுக்கு 100 இந்தியர் குடியேறவும், குடியுரிமை பெறவும் வழி செய்தது. ஆகவே 1937-இல் நியூயார்க்கில் நின்ற இந்திய மாணவர் அந்நகரைக் காணலாம், கற்கலாம், தமதாக்கிக்கொள்ள இயலாது. கற்ற வித்தையே அவர் கொண்டு திரும்பக்கூடிய செல்வம்.

அந்த வித்தையை எதற்குப் பயன்படுத்துவது? விடை கடலிற் கிடைத்தது. 1937 அக்டோபர் 2-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிச் சென்ற 'சமேரியா' என்னும் கப்பலில் செட்டியார் இருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். அடிகளின் வாழ்வை ஆவணப் படமாக்க வேண்டும் என்னும் எண்ணம் அங்கே உதித்தது. பல நாட்டுப் படப்பிடிப்பாளர்கள் பல ஆண்டுகளாக எடுத்த காட்சிகள் உலகெங்கும் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடி நெடும்பயணம் செய்து, 50,000 அடிப் படச்சுருளைச் சேர்த்தார். அதிலிருந்து உருவான 12,000 அடிப் படம் 1940-இல் தமிழ் விளக்கவுரையோடு வெளிவந்தது. அதன் ஆங்கில வடிவம் 1953-இல் அமெரிக்காவில் வெளியாயிற்று.

பின்னர் நிகழ்ந்ததுதான் நாம் சிந்திக்கத் தக்கது. இத்தனை பாடுபட்டுத் தொகுத்த படம் நம் நாட்டில் கண்ணுக்கு எட்டாமல் மறைந்துபோயிற்று. செட்டியார் 1983-இல் காலமானார். பல ஆண்டுகள் கழித்து, அதன் ஆங்கில வடிவத்தின் படி ஒன்றை வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடிக் கண்டறிந்தார். அது கிடைத்த இடம் சான்பிரான்சிஸ்கோ நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்று. சிதறியவற்றைத் திரட்டிய பெரியவரின் படைப்பே சிதறி, மற்றோர் அமெரிக்க நகரத்துக் காப்பகத்தில் எஞ்சியது!

இவ்வரலாறு வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு உணர்த்துவது யாது? மூணாற்றில் ஒருகாலத்தில் சிறு ரயில் ஓடியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் கோட்டகுடிக்கு இறங்கின. 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்தது. அக்காட்சிகளை இன்று பழைய படங்களிலன்றி வேறெங்கும் காண இயலாது. 1956-இல் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பெற்றபோது பாலக்காடும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அடங்கின. அங்கு வாழும் தமிழரின் கதை இரு மாநில வரலாறுகளுக்கும் விளிம்பில் நிற்பது. விளிம்பில் நிற்பது விரைவில் உதிரும்.

ஆதலின், நம் இல்லத்துப் பெட்டிகளில் கிடக்கும் தோட்டத்துச் சம்பளச் சீட்டுகளையும், பம்பாயிலிருந்து வந்த அஞ்சலட்டைகளையும், மங்கிய புகைப்படங்களையும் பழங்காகிதம் என்று எறிந்துவிடலாகாது. படத்திலிருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதைப் பின்புறத்தில் இன்றே எழுதிவைப்போம். அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே எழுதிவைப்போம். நம் பேரர்கள் தங்கள் முன்னோரைக் காண அயல்நாட்டுக் காப்பகத்தின் கதவைத் தட்ட வேண்டிய நிலை வாராதிருக்கட்டும்.