மேல்நிலைப் பாடப்பிரிவுத் தெரிவு (தமிழ்நாடு)

மேல்நிலைப் பாடப்பிரிவுத் தெரிவு என்பது தமிழ்நாட்டில் 10 ஆம் வகுப்பில் தேறிய மாணவர், 11, 12 ஆம் வகுப்புகளில் தாம் படிக்கவுள்ள பாடங்களின் தொகுதியைத் தெரிவு செய்வதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இத்தொகுதி "குரூப்" எனவும், அவ்வகுப்புகள் பிளஸ் ஒன், பிளஸ் டூ எனவும் அழைக்கப்படுகின்றன. ஏறத்தாழ 15 வயதில் மேற்கொள்ளப்படும் இத்தெரிவே, பின்னர் எந்தக் கல்லூரிப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்க இயலும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

== வரலாறு ==
முன்பு 11 ஆண்டுப் பள்ளிப் படிப்பை அடுத்து, கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பு இருந்தது. கோத்தாரி ஆணைக்குழு (1964-66) பரிந்துரைத்த 10+2+3 முறைப்படி, தமிழ்நாட்டில் 1978 இல் மேல்நிலை வகுப்புகள் தொடங்கப்பட்டன. முதல் பொதுத்தேர்வு 1980 இல் நடைபெற்றது. கல்லூரி இல்லாத ஊர்களின் மாணவருக்கு, உள்ளூர்ப் பள்ளியிலேயே மேலும் ஓராண்டு படிக்க இம்மாற்றம் வழி செய்தது.

== பாடப்பிரிவுகள் ==
ஒவ்வொரு மாணவரும் இரு மொழிப்பாடங்களுடன் நான்கு முதன்மைப் பாடங்களைப் படிக்கின்றனர். இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றுடன் உயிரியலோ கணினி அறிவியலோ சேர்ந்த பிரிவுகளும், கணிதமின்றித் தாவரவியல், விலங்கியல் கொண்ட பிரிவும், வணிகவியல், கணக்குப் பதிவியல், பொருளியல் அடங்கிய பிரிவுகளும் பரவலானவை. தொழிற்கல்விப் பிரிவுகளும் உண்டு. இவற்றைப் பலர் குறைந்த மதிப்பெண் பெற்றோருக்கு உரியவையாகக் கருதினாலும், பொறியியல் சேர்க்கையில் இப்பிரிவினருக்குத் தனித் தரவரிசை வெளியிடப்படுகிறது.

பொதுப்பிரிவில் படித்தவர் பொறியியலில் சேரக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் தேவை. மருத்துவத்திற்கு உயிரியல் இன்றியமையாதது. எனினும், 12 ஆம் வகுப்பிற்குப் பின்னர் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவரும் நீட் தேர்வு எழுதலாம் என 2023 இல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. வணிகவியல் பிரிவிலிருந்து அறிவியல் பட்டப்படிப்பிற்கு மாறுவது அரிது; அறிவியல் பிரிவினர் வணிகவியல் பட்டப்படிப்பில் சேர்வது அத்துணைக் கடினமன்று.

பயிற்று மொழியும் கருதத்தக்கது. தமிழ்வழியில் படித்தோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் 2010 ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என 2020 இல் திருத்தப்பட்டது. 11 ஆம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறுவோர் பலர் இதனை அறிவதில்லை.

== சிற்றூர்களில் ==
எல்லாப் பள்ளிகளிலும் எல்லாப் பிரிவுகளும் இல்லை. ஆசிரியர் பணியிடம், ஆய்வுக்கூடம், சேரும் மாணவர் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்தே பிரிவுகள் அமைகின்றன. திண்டுக்கல் மாவட்டத்தின் சேவுகம்பட்டி போன்ற பேரூராட்சிகளில் வாழும் மாணவர், அருகிலுள்ள பட்டிவீரன்பட்டி, வத்தலக்குண்டு பள்ளிகளில் எப்பிரிவு உள்ளது, எதில் இடம் கிடைக்கும் என்பதைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டியுள்ளது. விரும்பிய பிரிவு அங்கு இல்லையெனில் நாள்தோறும் பேருந்தில் தொலைவிலுள்ள பள்ளிக்குச் செல்ல வேண்டும், அல்லது விடுதியில் தங்க வேண்டும். பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை, விருப்பத்தை விடப் பேருந்து நேரமே பிரிவை முடிவு செய்வதும் உண்டு. வேளாண்மை மிகுந்த இப்பகுதியில் வேளாண் அறிவியல் தொழிற்கல்விப் பிரிவு உரிய கவனம் பெறத்தக்கது.

== தேர்வும் சேர்க்கையும் ==
தொழிற்படிப்புகளுக்கு 1984 முதல் நடைபெற்ற மாநில நுழைவுத்தேர்வு 2007-08 இல் நீக்கப்பட்டு, 12 ஆம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படையாயிற்று. இதனால் தனியார் பள்ளிகள் பல 11 ஆம் வகுப்புப் பாடங்களைத் தவிர்த்து, 12 ஆம் வகுப்புப் பாடங்களையே இரண்டாண்டுகளும் நடத்தின. கல்லூரி முதலாண்டில் மாணவர் திணறியதற்கு இது ஒரு காரணமாகச் சுட்டப்பட்டது. இதனைத் தடுக்க 2017-18 இல் 11 ஆம் வகுப்பிற்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. மொத்த மதிப்பெண் 1200 இலிருந்து 600 ஆகக் குறைக்கப்பட்டது. 11 ஆம் வகுப்பு மதிப்பெண் உயர்கல்விச் சேர்க்கைக்குக் கணக்கிடப்படாது என 2018 இல் அரசு அறிவித்த பின் அத்தேர்வின் நோக்கம் பாதி போயிற்று எனலாம். 2025-26 முதல் அது கைவிடப்பட்டது.

மருத்துவச் சேர்க்கை 2017 முதல் நீட் தேர்வின் அடிப்படையில் நடைபெறுகிறது. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 2020 இலும், பொறியியல், வேளாண்மை முதலிய படிப்புகளில் 2021 இலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கப்பட்டது. பொதுவாக 6 முதல் 12 ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு இது உரியது. எனவே பாடப்பிரிவிற்காக 11 ஆம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாறுபவர் இவ்வொதுக்கீட்டை இழப்பார்.