கருக்கால மதுப் பாதிப்பும் குற்றவியல் நீதியும்

கருக்கால மதுப் பாதிப்பு: கருவுற்ற தாய் அருந்தும் மது, சிசுவின் மூளையைத் தாக்குவதால் வரும் வாழ்நாள் குறைபாடு. இதன் கடும் வடிவத்துக்கு 1973இல் சியாட்டில் மருத்துவர்கள் பெயரிட்டனர். நினைவாற்றல், பின்விளைவை உணர்தல், உந்துதலை அடக்குதல் ஆகியன குன்றும். பெரும்பாலோருக்கு முகத்தில் அடையாளம் இராது. விசாரணையில் கேட்பதற்கெல்லாம் தலையாட்டி, செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்ளக்கூடும். கனடாவின் யூக்கானில், சிறையிலும் கண்காணிப்பிலும் இருந்த வயதுவந்தோரை ஆராய்ந்தபோது 17.5 விழுக்காட்டினருக்கு இது உறுதியானது.

இந்தியாவில், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாடுகளில் இந்தப் பாதிப்பு தனித்து இல்லை. ஆனால் அறிவுசார் குறைபாடு அப்பட்டியலில் உண்டு. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 22ஆம் பிரிவு, மனநலக் கேட்டால் செயலின் தன்மையையோ தவற்றையோ அறிய இயலாதவருக்கே பொருந்தும். காவலில் உள்ளவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச சட்ட உதவி உரிமை. வழக்கறிஞர் தொடக்கத்திலேயே மருத்துவப் பரிசோதனை கோருவது இன்றியமையாதது.