ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியா

ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியா என்பது பேசும்போது குரல்வளைத் தசைகள் தாமாகவே இழுத்துக்கொள்ளும் நரம்பியல் கோளாறு. குரல்வளை டிஸ்டோனியா என்றும் இதைச் சொல்வர். குரல் நாண்களில் கட்டியோ புண்ணோ இருக்காது. பழுது இருப்பது அசைவுகளை ஒழுங்குசெய்யும் மூளைப் பகுதிகளில். பெரும்பாலும் நடுவயதில் தொடங்கும், பெண்களிடம் அதிகம்.

நாண்கள் இறுக மூடிக்கொள்ளும் வகையே மிகுதி. கழுத்தை நெரித்ததுபோல் குரல் அறுந்து அறுந்து வரும். ‘அம்மா’, ‘இன்று’ என உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களில் திணறல் கூடும். அரிதான மற்றொரு வகையில் நாண்கள் சட்டென விலகிவிடும். ‘கடை’, ‘பணம்’ போன்ற சொற்களில் முதல் வல்லின ஒலியை அடுத்துக் குரல் வெறும் காற்றாகிவிடும்.

இந்நோயின் விந்தையும் கொடுமையும் ஒன்றே. பேச்சு திணறும் அதே தொண்டையில் சிரிப்பும் கிசுகிசுப்பும், பலருக்குப் பாட்டும்கூடத் தடையின்றி வரும். பதற்றத்திலும் தொலைபேசியிலும் பேச்சு இன்னும் மோசமாகும். அதனால் கேட்பவர்கள் இதை நடிப்பென்றோ பயமென்றோ எடுத்துக்கொள்கிறார்கள். மருத்துவமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. 1871-இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் டிராபே இதை விவரித்தபின், ஏறத்தாழ நூறாண்டுகள் இது மனநோயாகவே கருதப்பட்டது. நோயாளிகளுக்கு இழைக்கப்பட்ட பெரிய அநீதி அது. 1976-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹெர்பர்ட் டீடோ, குரல்வளைக்குச் செல்லும் நரம்பை ஒருபக்கம் வெட்டியதும் குரல் தெளிந்ததாக அறிவித்தார். பலருக்குத் திணறல் பின்னர் திரும்பினாலும், உடலில் காரணம் தேடும் வழி திறந்தது.

ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ இது பிடிபடாது. காது மூக்கு தொண்டை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் குரலைக் காதால் கேட்டும், குழாய்க் கருவியால் நாண்களைப் பார்த்துமே முடிவுக்கு வருகிறார்கள். நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. 1980-களிலிருந்து போட்டாக்ஸ் ஊசியே முதன்மைச் சிகிச்சை. மூடும் வகையில், கழுத்தின் வழியே நாண்தசையில் மிகச் சிறிய அளவு செலுத்தினால் இறுக்கம் தளரும். முதல் ஓரிரு வாரங்கள் குரல் மெலியும், தண்ணீர் குடிக்கையில் புரையேறும். பிறகு ஏறத்தாழ மூன்று நான்கு மாதங்கள் பேச்சு எளிதாகும்.

அமெரிக்க வானொலி நிகழ்ச்சியாளர் டயான் ரீமுக்கு 1998-இல் இந்நோய் கண்டறியப்பட்டது. ஊசி போட்டுக்கொண்டே 2016 வரை தம் அன்றாட நிகழ்ச்சியை நடத்தினார். குரல் மெலிந்த நாட்களில் நிகழ்ச்சியைப் பிறர் நடத்த, குரல் திரும்பியதும் மீண்டும் ஒலிவாங்கியின் முன் அமர்வார்.