எறிந்த ஒலி திரும்பி வராது

"போனிலயே வடிவாக் கேக்குதே, பிறகேன் இவ்வளவு பெரிய கோப்பு?" ஒலிப்பதிவுகளைச் சேமிப்பது பற்றிக் கதைக்கும்போதெல்லாம் எங்களுக்குள் எழும் கேள்வி இது. விடை தேடுவதென்றால் கோப்பு வடிவங்களின் வரலாற்றைக் கொஞ்சம் கிளற வேணும்.

1982இல் இறுவட்டு சந்தைக்கு வந்தது. அது ஒலியைச் செக்கனுக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுகிறது. இடம், வலம் என இரண்டு தடங்கள். மூன்று நிமிடப் பாட்டுக்கே 30 மெகாபைற்றுக்கு மேல் போய்விடும். தொலைபேசிக் கம்பியில் 56 கிலோபிட் வேகத்தில் இணையம் வந்த தொண்ணூறுகளில், அதை இறக்க ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் எடுக்கும்.

ஜேர்மனியில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க்கும் பிரவுன்ஹோஃபர் நிறுவன ஆய்வாளர்களும் வேறொரு கேள்வி கேட்டார்கள்: மனிதக் காது எதைக் கேட்காமல் விடுகிறது? தவில் அதிரும்போது பக்கத்தில் இருப்பவரின் முணுமுணுப்பு எங்களுக்குக் கேட்பதில்லை. அப்படி மறைந்துபோகும் ஒலிகளுக்கு ஏன் இடம் ஒதுக்க வேணும்? எம்பி3 பிறந்தது இந்த யோசனையில்தான். வாத்தியமே இல்லாத சுசான் வேகாவின் 'டொம்ஸ் டைனர்' பாட்டை வைத்துச் சோதித்தபோது முதலில் குரல் சிதைந்துதான் வந்தது. திருத்தித் திருத்தியே முன்னேறினார்கள். 1995இல் '.எம்பி3' என்ற பெயர் முடிவானது. 128 கிலோபிட்டில் அதே மூன்று நிமிடப் பாட்டு 3 மெகாபைற்றுக்குள் அடங்கியது. ஏழு நிமிடத்தில் இறக்கிவிடலாம்.

2001இல் ஜோஷ் கோல்சனின் ஃபிளாக் வேறு வழியில் வந்தது. அது எதையும் எறிவதில்லை. சிப் கோப்பைப் போல மடித்து வைக்கிறது, விரித்தால் ஒரு பிட்கூடக் குறையாது. ஆனால் பொதுவாகப் பாதி அளவுக்குத்தான் சுருங்கும்.

பஸ்ஸில் பாட்டுக் கேட்க எம்பி3 தாராளமாகப் போதும். அதில் சண்டையே இல்லை. ஆவணம் என்று வரும்போதுதான் சிக்கல். எதை எறியலாம் என்று எம்பி3 தீர்மானிப்பது இன்றைக்குக் கேட்கும் காதை வைத்துத்தான். ஒரு அம்மம்மா இடம்பெயர்ந்த கதையைச் சொல்கிறா என்று வைப்போம். பின்னால் மெல்லக் கேட்கும் குருவிச் சத்தமும், அவவின் உச்சரிப்பின் நுணுக்கமும் நாளைக்கு ஓர் ஆய்வாளருக்குச் சான்றாகலாம். 1981இல் எரிந்த யாழ் நூலகத்தின் கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, பிரதி இல்லாத இழப்பு என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. நெருப்பு இல்லாமலும் இழக்கலாம்.

சர்வதேச ஒலி, ஒளிக் காப்பகங்களின் சங்கமும் இதைத்தான் சொல்கிறது: பழைய பதிவுகளை இலக்கமயப்படுத்தும்போது குறைந்தது 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்; இழப்புள்ள சுருக்கம் வேண்டாம்.

ஆகவே மூலத்தை வேவ் அல்லது ஃபிளாக்கில் வைப்போம். பகிர்வதற்கு அதிலிருந்து எம்பி3 எடுப்போம். எம்பி3ஐ ஃபிளாக்காக மாற்றினால் கோப்புப் பெருக்குமே தவிர, போன ஒலி வராது. எம்பி3இலிருந்து மறுபடி எம்பி3 எடுப்பது, போட்டோக்கொப்பியைப் போட்டோக்கொப்பி அடிப்பது மாதிரி. ஏற்கெனவே எம்பி3ஆகத்தான் இருக்கிறதென்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

வீட்டில் பழைய கசெற் இருந்தால், அது பூஞ்சணம் பிடிக்கமுதல் தொடங்குங்கோ. பதிவுசெய்யமுதல் வடிவத்தைத் தெரிவுசெய்யுங்கோ. வட்ஸ்அப் குரல்பதிவை மட்டும் ஒரே பிரதியாக வைக்காதேங்கோ.