ஆய்வாளரும் துணைவரும்: இந்திய வகுப்பறைக்குள் நுழைந்த இரு பார்வைகள்

ஓர் ஆசிரியர் பாடம் நடத்துவதைப் பிறிதொருவர் வந்து பார்ப்பது இந்தியப் பள்ளிகளில் நெடுநாள் வழக்கம். பார்க்க வந்தவர் யாராக வந்தார் என்பதில்தான் அதன் வரலாறு அடங்கியிருக்கிறது.

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை மாகாணந்தோறும் கல்வித் துறையையும், அதன்கீழ் ஆய்வாளர் பதவிகளையும் ஏற்படுத்தியது. உதவி மானியம் பெறும் பள்ளி ஆய்வுக்கு உட்பட வேண்டும் என்பது நிபந்தனை. இங்கிலாந்தில் 1862இல் நடைமுறைக்கு வந்த ‘தேர்ச்சிக்கேற்ற மானியம்’ என்னும் முறை விரைவில் சென்னை, பம்பாய் மாகாணங்களுக்கும் வந்தது. ஆய்வாளர் மாணவரைச் சோதித்தார். தேறியவர் எண்ணிக்கையைக் கொண்டு பள்ளியின் வருவாய் கணக்கிடப்பட்டது. தம் பிழைப்பை நிர்ணயிப்பவர் முன்னிலையில் எந்த ஆசிரியரும் தமக்குத் தெரியாததை வெளிப்படுத்தார். குறையை மறைப்பதே அங்கு அறிவுடைமை. அம்முறை பின்னர் கைவிடப்பட்டாலும், அது விதைத்த அச்சம் எளிதில் அகலவில்லை. நிர்வாகத்தையும் கல்விசார் மேற்பார்வையையும் பிரிக்க வேண்டும் என்று கோத்தாரிக் குழு (1964–66) பரிந்துரைத்ததன் பின்னணி இதுவே.

இதற்கு மாறானதொரு முயற்சி 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய இரு அமைப்புகளும் அரசின் இசைவோடு 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியலைச் சோதனைகள் வழியே கற்பிக்க முனைந்தன. 1978இல் அது மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982இல் உருவான ஏகலவ்யா அதன் பொறுப்பை ஏற்றது.

பயிற்சி முகாமோடு பணி முடிந்துவிடவில்லை என்பதே அம்முயற்சியின் தனிச்சிறப்பு. பயிற்சி பெற்ற ஆசிரியரின் வகுப்புக்குத் துணைவர் ஒருவர் சென்று வந்தார். அதற்கு வழங்கிய இந்திச் சொல் ‘அனுவர்த்தன்’. ஆய்வைக் குறிக்கும் ‘நிரீக்ஷண்’ என்ற சொல்லில் பார்வை இருக்கிறது. ‘அனுவர்த்தன்’ என்பதிலோ பின்தொடர்தல் இருக்கிறது. சென்றவர்களில் கல்லூரி ஆசிரியர்களும் இருந்தனர். அதே திட்டத்தில் தேர்ந்த பள்ளி ஆசிரியர்களும் இருந்தனர். மதிப்பெண் இடுவது அவர்கள் வேலையன்று. மாதாந்தரக் கூட்டத்தில் ஆசிரியர்கள் தம் இடர்ப்பாடுகளைத் தாமே எடுத்துரைத்தனர்: எந்தச் சோதனை சரிவரவில்லை, எந்தக் கேள்வி குழந்தைகளுக்குப் புரியவில்லை என்று. அவ்வாறு திரண்ட கருத்துகள் ‘பால் வைக்ஞானிக்’ பாடநூலின் திருத்தங்களுக்கு வழிகாட்டின. வகுப்பறையைப் பார்த்ததன் விளைவாக ஆசிரியர் மட்டும் மாறவில்லை, பாடநூலும் மாறியது.

2002இல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்தியது. முப்பதாண்டு உழைப்பும் ஒரு நிர்வாக ஆணைக்கு எதிரே நிலைத்து நிற்க இயலவில்லை.

இதனிடையே, 1994இல் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வட்டார, குறுவள மையங்களின் வழியே கல்விசார் துணையைப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்ல விழைந்தது. நோக்கம் உயர்ந்ததே. ஆனால் பல இடங்களில் ஒருங்கிணைப்பாளரின் நேரத்தைப் புள்ளிவிவரப் படிவங்களும் சுற்றறிக்கைகளும் விழுங்கின. துணைவராக அனுப்பப்பட்டவர் சிறிய ஆய்வாளராகவே திரும்பினார்.

இன்று அப்படிவங்கள் கைப்பேசிச் செயலிகளுக்கு மாறிவருகின்றன. கருவி புதிதெனினும் கேட்க வேண்டிய கேள்விகள் பழையனவே. குறையைக் கூறும் ஆசிரியருக்கு அதனால் தீங்கு நேராது என்ற உறுதி உண்டா? பார்த்தவர் அதே வகுப்புக்கு மீண்டும் வருவாரா? ஆசிரியர் கூறியதைக் கேட்டுப் பாடத்திட்டம் ஒரு வரியேனும் திருந்துமா? இம்மூன்றுக்கும் ‘ஆம்’ என்று விடை கூற இயலாத வகுப்பறை நோக்கு, எப்பெயரில் வந்தாலும், 19ஆம் நூற்றாண்டு ஆய்வின் தொடர்ச்சியே.